பழைய கம்ப்யூட்டரில் திரை இழுக்கிறதா? கார்டு வாங்கும் முன் யார் வரைகிறார் என்று பாருங்கள்

2025 நவம்பர் 3, வந்த கேள்வி

“அண்ணா, என் சிஸ்டம் ஐ5-3470, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விண்டோஸ் 10 இருந்தவரை ஒரு குறையும் இல்லை. போன மாதம் 14-ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டதே என்று லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். இப்போது விண்டோவைப் பிடித்து நகர்த்தினால் விட்டுவிட்டு நகர்கிறது. யூடியூப் 720பி-யிலேயே திக்குகிறது. பதின்மூன்று வருடப் பழசு, கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் தேறும் என்று தம்பி சொல்கிறான். ஜிடி 710 வாங்கிவிடலாமா?”

2025 நவம்பர் 3, இரவு

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

ஐ5-3470 என்பது 2012-இல் வந்த சிப். இன்டெலின் ஐவி பிரிட்ஜ் குடும்பம். கிராபிக்ஸும் அதற்குள்ளேயே இருக்கிறது, பெயர் எச்டி 2500. சின்னதுதான். வரைவதற்கு 6 அலகுகள் மட்டும். அதே குடும்பத்து ஐ7-3770-க்குள் இருக்கும் எச்டி 4000-க்கு 16 அலகுகள். ஆனால் விண்டோ நகர்த்தவும் பக்கம் உருட்டவும் 6 தாராளம். அந்தச் சிப்போடு வந்த ஆயிரக்கணக்கான அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எந்தக் கார்டும் இல்லாமல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சிலிக்கானுக்கு மூட்டுவலி வராது. ஒரு சிப் நேற்று செய்த வேலையை இன்று செய்யத் திணறினால், பெரும்பாலும் அந்த வேலை அதன் கைக்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். ஆகவே முதல் கேள்வி: திரையில் தெரிவதை இப்போது யார் வரைகிறார்?

டெர்மினலைத் திறந்து ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ கட்டளையைப் பெரிய எழுத்து ‘பி’ சுவிட்சோடு ஓட்டுங்கள். அது இல்லையென்றால் ‘மெசா-யூட்டில்ஸ்’ தொகுப்பை நிறுவினால் வந்துவிடும். வரும் வரிகளில் ‘ஓப்பன்ஜிஎல் ரெண்டரர்’ என்று தொடங்கும் வரி மட்டும் எனக்குப் போதும்.

2025 நவம்பர் 4

பதில் வந்தது: ‘எல்எல்விஎம்பைப்’, பக்கத்தில் 256 பிட்ஸ்.

நினைத்ததுதான். எல்எல்விஎம்பைப் என்பது கிராபிக்ஸ் சிப் அல்ல, மென்பொருள். கிராபிக்ஸ் சிப்பை அணுக முடியாதபோது, லினக்ஸில் கிராபிக்ஸைக் கவனிக்கும் மெசா நூலகம் அந்த வேலை முழுவதையும் சிபியுவின் தலையில் கட்டுகிறது. 256 பிட்ஸ் என்பது, ஒரே தடவையில் பல எண்களைக் கணக்கிடும் சிபியுவின் ஏவிஎக்ஸ் வசதியைப் பயன்படுத்தி முடிந்த அளவு வேகமாக வரைகிறேன் என்று அது சொல்வது. பாவம், நன்றாகவே உழைக்கிறது. ஆனால் நான்கு கோர்களும் நிழல், ஒளிபுகும் விளிம்பு, ஒவ்வொரு பிக்சல் என்று வரைந்துகொண்டிருக்கும்போதே யூடியூப் படத்தையும் அவைதான் பிரித்தாக வேண்டும். திக்காமல் என்ன செய்யும்?

மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப் இதை மறைப்பதில்லை. உள்ளே நுழைந்ததும், வன்பொருள் முடுக்கம் இல்லாமல் மென்பொருள் முறையில் ஓடுகிறேன், சிபியு அதிகம் செலவாகும் என்று மூலையில் ஓர் அறிவிப்பு வரும். எல்லோரும் அதைப் பெருக்கல் குறியைத் தட்டி மூடிவிடுகிறார்கள். அந்த அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ‘ப்ராக்’ கோப்புறைக்குள் ‘சிஎம்டிலைன்’ என்று ஒரு கோப்பு இருக்கும். ‘கேட்’ கட்டளையால் அதைப் படித்து ஒட்டுங்கள். லினக்ஸின் மையமான கர்னல் எந்தெந்தச் சொற்களோடு கிளம்பியது என்பது ஒரே வரியில் அதில் இருக்கும்.

2025 நவம்பர் 4, கொஞ்சம் கழித்து

அந்த வரியின் கடைசிச் சொல் ‘நோமோட்செட்’.

நண்பர் இப்போது சொல்கிறார்: விண்டோஸ் காலத்தில் பெட்டிக்குள் ஜிடி 210 கார்டு ஒன்று இருந்ததாம். மின்ட் போட்டபோது அந்தக் கார்டோடு திரை கருப்பாகவே நின்றதால் ஒரு வீடியோவைப் பார்த்து நோமோட்செட் சேர்த்தாராம். அடுத்த வாரமே கார்டில் கோடுகோடாக வரத் தொடங்கியதால் கழற்றி வைத்துவிட்டாராம். கார்டு போனதால்தான் வேகம் போனது என்று தம்பி முடிவுகட்டியது அதனால்தான். தம்பியைக் குறை சொல்ல முடியாது, நடந்த வரிசை அப்படித்தான் நினைக்க வைக்கும்.

நடந்தது இது. திரையின் அளவு, நிறம், புதுப்பிப்பு வேகம் எல்லாவற்றையும் கர்னலே நேரடியாக அமைத்துக்கொள்வதைத் தடுக்கும் சொல் நோமோட்செட். அது இருந்தால் இன்டெலின் ‘ஐ915’ டிரைவர் வேலையையே தொடங்காது. பயாஸ் கொடுத்த மொட்டைத் திரையை வைத்துக்கொண்டுதான் சிஸ்டம் காலம் தள்ளும். என்விடியா கார்டு தகராறு செய்யும்போது உள்ளே நுழைய அது ஒரு நல்ல பின்வாசல். நுழைந்து சரியான டிரைவரைப் போட்டதும் அடைத்துவிட வேண்டிய வாசல். கார்டை எடுத்தாயிற்று, சொல் மட்டும் தங்கிவிட்டது. கார்டே இல்லாத பெட்டியில் அது இன்டெல் சிப்பைக் கட்டிப்போட்டிருக்கிறது.

இன்னோர் அடையாளமும் உண்டு. டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்தால் ஒரே ஒரு ரெசல்யூஷன்தான் காட்டும், மாற்ற வேறு எதுவும் இருக்காது. அப்படிப் பார்த்தால் நோமோட்செட்டைச் சந்தேகப்படுங்கள்.

2025 நவம்பர் 5

“அதை எடுத்தால் மறுபடி கருப்புத் திரை வந்துவிடுமோ” என்று பயப்படுகிறார். நியாயமான பயம். நிரந்தரமாக எடுப்பதற்கு முன் ஒரே ஒரு முறை மட்டும் எடுத்துப் பார்க்க வழி இருக்கிறது.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள் (யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப் விசை). கிரப் (லினக்ஸைக் கிளப்பிவிடும் நிரல்) பட்டியல் வரும். முதல் வரியில் நின்று ‘இ’ விசையைத் தட்டுங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியில் நோமோட்செட் இருக்கும். அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு எஃப்10. இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். திரை வராவிட்டால் அணைத்துப் போட்டால் பழையபடி வந்துவிடும்.

திரை வந்தால், ‘ஈடிசி’ கோப்புறைக்குள் ‘டீஃபால்ட்’, அதற்குள் ‘கிரப்’ கோப்பு. நிர்வாகி உரிமையோடு திறந்து ‘குவையட் ஸ்ப்ளாஷ்’ பக்கத்தில் இருக்கும் நோமோட்செட்டை எடுத்துச் சேமித்துவிட்டு ‘அப்டேட்-கிரப்’ ஓட்டுங்கள். இதை விட்டுவிட்டால் கோப்பில் செய்த மாற்றம் கிரப்புக்குத் தெரியவே தெரியாது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

மானிட்டர் கேபிள் மதர்போர்டின் போர்ட்டில் இருக்கட்டும்.

2025 நவம்பர் 6

சரியாகிவிட்டது. ரெண்டரர் வரியில் இப்போது ‘மெசா இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 2500, ஐவிபி ஜிடி1’. விண்டோ வெண்ணெயாக நகர்கிறதாம். செலவு பூஜ்யம்.

ஆனால் உடனே இன்னொரு கேள்வி: “ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் ஓட்டினேன். முன்பு விநாடிக்கு 700 பிரேம் வந்தது, இப்போது 60தான் வருகிறது. வேகம் குறைந்துவிட்டதே?”

குறையவில்லை. இந்தக் குழப்பம் எத்தனையோ பேரை அலைக்கழித்திருக்கிறது. உங்கள் மானிட்டர் விநாடிக்கு 60 தடவைதான் புதுப்பிக்கிறது. ஒழுங்கான டிரைவர் மானிட்டரின் தாளத்துக்கு ஏற்ப 60-இல் நிறுத்திக்கொள்ளும். எல்எல்விஎம்பைப் மானிட்டரைக் கண்டுகொள்ளாமல், காட்டவே முடியாத பிரேம்களையும் சிபியுவை எரித்து வரைந்து தள்ளியது. அந்த 700 நோயின் எண், இந்த 60 குணமான எண். தாளக் கட்டுப்பாட்டை நீக்கிப் பார்த்தே தீர வேண்டும் என்றால் ‘விபிளாங்க்_மோட்’ என்ற மாறிக்குப் பூஜ்யம் கொடுத்து ஓட்டுங்கள், எண் எகிறும். ஆனால் ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் காட்டும் மூன்று பல்சக்கரம் சுற்றுவதை வைத்து ஒரு கிராபிக்ஸ் சிப்பை எடைபோட முடியாது. அது வேகத்தை அளக்கும் சோதனையே அல்ல.

2025 நவம்பர் 8

விண்டோஸில் இதற்கு இணை உண்டா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். உண்டு, அச்சு அசலாக.

எங்கள் ஊரில் ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ் டிசைன் எல்லாம் அங்கேதான். விண்டோஸை மறுபடி போட்டதிலிருந்து படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக நிரம்புகிறது என்று கடை அண்ணன் புலம்பினார். ராம் ஏற்ற வேண்டும் என்று யாரோ சொல்லி, அதற்குப் பணமும் எடுத்து வைத்திருந்தார். டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர் வரியைப் பார்த்தேன். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தது. உண்மையான டிரைவர் ஏறவில்லை, விண்டோஸ் சிபியுவை வைத்தே வரைந்துகொண்டிருந்தது. டிரைவரைப் போட்டதும் சரியாகிவிட்டது. ராம் பணத்தில் நல்ல மவுஸ் ஒன்றும் யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரியும் வாங்கிக்கொண்டார்.

பிரவுசரிலும் இதே சோதனையைச் செய்யலாம். குரோமின் முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, ஜிபியு என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்று வரிசையாக நின்றால், பிரவுசருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

2025 நவம்பர் 9

முதல் நண்பர் திரும்பி வந்தார். டெஸ்க்டாப் சரி, யூடியூப் 720பி-யும் சரி. ஆனால் 1080பி 60 பிரேம் வீடியோவில் மட்டும் இன்னும் பிரேம் விழுகிறது.

இது வேறு கதை. இங்கே சிப்புக்கு உண்மையிலேயே ஓர் எல்லை இருக்கிறது. எச்டி 2500-க்குள் வீடியோவைப் பிரிக்கத் தனிப் பகுதி உண்டு. வீடியோவைச் சுருக்கும் முறைகளில் (கோடெக்) அதற்கு எச்.264 தெரியும், எம்பெக்-2 தெரியும், விசி-1 தெரியும். யூடியூப் பெரும்பாலும் அனுப்பும் விபி9-ஓ ஏவி1-ஓ தெரியாது. இன்டெல் சிப்புகள் விபி9-ஐ முழுமையாகக் கற்றுக்கொண்டது ஏழாம் தலைமுறை சிபியுக்களில்தான். ஆகவே விபி9 வந்தால் சிபியுதான் மெல்ல வேண்டும்.

வீடியோ மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால் கோடெக் வரியில் எது வருகிறது என்று தெரியும், எத்தனை பிரேம் விழுந்தது என்றும் தெரியும்.

தீர்வு: ‘எச்264ஐஃபை’ என்ற பிரவுசர் நீட்சி. எச்.264-ஐயே அனுப்பு என்று யூடியூபைக் கேட்டுக்கொள்ளும். 1080பி-க்கு மேல் எச்.264-இல் கிடைக்காது, ஆனால் உங்கள் மானிட்டரும் 1080பிதானே. அப்புறம் ‘ஐ965-விஏ-டிரைவர்’ தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ‘இன்டெல்-மீடியா’ என்று இன்னொரு டிரைவரும் உண்டு, அது ஐந்தாம் தலைமுறையான பிராட்வெல் முதல்தான் வேலை செய்யும், உங்களுக்கு உதவாது. ஃபயர்ஃபாக்ஸ் 2023 ஜூலையில் வந்த 115-ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸில் இன்டெல் சிப்புகளுக்கு வன்பொருள் வீடியோ பிரிப்பைத் தானாகவே இயக்கி வைத்திருக்கிறது.

உண்மையிலேயே சிப்தான் பிரிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ‘இன்டெல்_ஜிபியு_டாப்’ ஓட்டிவிட்டு வீடியோவை ஓட விடுங்கள். ‘வீடியோ’ என்ற பட்டை அசைந்தால் சிப் வேலை செய்கிறது. அசையாமல் கிடந்தால் சிபியு. எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. யூகத்துக்கே இடம் வைக்காது.

2025 நவம்பர் 12

ராம் பற்றி முன்பே கேட்டிருக்கலாம், டிரைவர் விஷயம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. 8 ஜிபி என்றாரே, அது ஒரே ஸ்டிக்கா, இரண்டு நான்கா?

ஒரே ஸ்டிக்காம்.

தனிக் கார்டுக்கு அதற்கென்று சொந்த நினைவகம் உண்டு. சிபியுவுக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு அது கிடையாது. கம்ப்யூட்டரின் ராமையே சிபியுவோடு பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்3-1600 ஒரு ஸ்டிக் போட்டால் ஒரு சேனல், விநாடிக்கு அதிகபட்சம் 12.8 ஜிபி. இரண்டு சேனலிலும் ஒவ்வொன்று போட்டால் 25.6 ஜிபி. பாதை இரட்டிப்பாகிறது.

“டூயல் சேனலால் பெரிய வித்தியாசம் இல்லை, சோதனைகளிலேயே காட்டியிருக்கிறார்கள்” என்று ஒருவர் மறுத்து எழுதியிருக்கிறார். அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் தனிக் கார்டு செருகியிருப்பார்கள். அப்போது படம் வரையும் போக்குவரத்து ராம் பக்கமே வராது, வித்தியாசமும் தெரியாது. கார்டு இல்லாத பெட்டியில் கணக்கே வேறு. என் வீட்டில் மகள் படிக்கும் சிஸ்டத்தில் ஒரு ஸ்டிக்கோடு பழைய கார் பந்தய விளையாட்டு ஒன்று தடுக்கித் தடுக்கி ஓடியது. இரண்டாவது ஸ்டிக் போட்டதும், வேறு எதையும் தொடாமலே, விளையாடும்படி ஆகிவிட்டது. பழைய டிடிஆர்3 ஸ்டிக் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் சல்லிசாகக் கிடைக்கும். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு போதும்.

ஸ்லாட் விஷயம்: நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பொதுவாக ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டில் போட வேண்டும்.

2025 நவம்பர் 13

மேலே உள்ள கடைசி வரிக்கு ஒரு சேர்க்கை. தன் போர்டில் நான்கு ஸ்லாட்டும் கருப்பு என்கிறார் ஒருவர். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்லாட் அருகே போர்டிலேயே அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஏ-யில் ஒன்று, பி-யில் ஒன்று, அவ்வளவுதான் விஷயம். சரியாக விழுந்ததா என்பதை விண்டோஸில் சிபியு-இசட் நிரலின் மெமரி பக்கம் சொல்லும், லினக்ஸில் ‘டிஎம்ஐடிகோட்’.

8-உம் 4-உம் கலந்து போடலாமா? போடலாம். இன்டெல் அதற்கு ஃப்ளெக்ஸ் முறை வைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் பொருந்தும் 4+4 வரை இரட்டைப் பாதை, மீதி 4 ஒற்றைப் பாதை. ஒரே ஸ்டிக்கை விட நிச்சயம் மேல்.

2025 நவம்பர் 15

அதிகம் பேர் பேசாத ஒன்று, இதே தலைமுறை சிப் வைத்திருப்பவர்களுக்காக.

2020 ஜனவரியில் இன்டெல் கிராபிக்ஸில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. ஒரு நிரல் வரைந்து முடித்த பிறகு சிப்பின் உள் நினைவகத்தில் தங்கிய மிச்சத்தை அடுத்த நிரல் படித்துவிட முடியும். ஒன்பதாம் தலைமுறை கிராபிக்ஸில் அடைப்பது சுலபமாக இருந்தது. ஐவி பிரிட்ஜ், ஹாஸ்வெல் போன்ற ஏழாம் தலைமுறை கிராபிக்ஸில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எல்லாவற்றையும் துடைத்தாக வேண்டியிருந்தது, அது வேகத்தைத் தின்றது. (கிராபிக்ஸ் தலைமுறையும் சிபியு தலைமுறையும் வேறு வேறு. ஐ5-3470 மூன்றாம் தலைமுறை சிபியு, அதன் கிராபிக்ஸ் ஏழாம் தலைமுறை.) ஆக, கர்னலை அப்டேட் செய்த நாளிலிருந்து விளையாட்டு மெதுவாகிவிட்டது என்று அப்போது சொன்னவர்கள் கற்பனை செய்யவில்லை.

2021 தொடக்கத்தில் கர்னலில் ஒரு தேர்வு வந்தது: ‘ஐ915.மிட்டிகேஷன்ஸ்’. அதற்கு ‘ஆஃப்’ கொடுத்தால் துடைக்கும் வேலை நிற்கும். நோமோட்செட் இருந்த அதே வரியில்தான் சேர்க்க வேண்டும்.

2025 நவம்பர் 16

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு உடனே சேர்க்கக் கிளம்பியவர்களுக்கு. பேங்க் வேலை, ஆதார், பிள்ளைகளின் கணக்குகள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் செய்பவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பதே என் எண்ணம். தினசரி டெஸ்க்டாப் வேலையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை. விளையாட்டுக்கென்றே ஒதுக்கிய, பிரவுசர் திறக்காத பெட்டி என்றால் யோசிக்கலாம்.

2025 நவம்பர் 20

“முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் இழுக்கிறது” என்றால் டிரைவரைத் தேடாதீர்கள், மூடியைத் திறங்கள். சிபியுவும் கிராபிக்ஸும் ஒரே சிப்பில், ஒரே விசிறியின் கீழ் இருக்கின்றன. ஒன்று சூடானால் இரண்டுமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க் இடுக்கில் பஞ்சுபோலத் தூசி அடைத்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். மதுரை மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், மேசைக்குக் கீழே மூலையில் தள்ளி வைத்த பெட்டிக்கு இது கட்டாயம் நடக்கும். ‘சென்சார்ஸ்’ கட்டளை வெப்பத்தைக் காட்டும். தொண்ணூறைத் தாண்டி நின்றால் பேஸ்ட் மாற்றும் வேளை வந்துவிட்டது.

ஒரு வேண்டுகோள். விசிறியை ஊதும்போது விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ப்ளோயர் காற்றில் தறிகெட்டுச் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

2025 நவம்பர் 23

ஜிடி 210 இன்னும் பெட்டிக்குள் இருப்பவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சிக்கல் வேறு மாதிரி.

அந்தக் கார்டுக்கு என்விடியாவின் 340 வரிசை டிரைவர்தான் கடைசி. அதற்கான ஆதரவு 2019 முடிவோடு நின்றுவிட்டது. இன்றைய லினக்ஸில் அந்தக் கார்டை ஓட்டுவது ‘நூவோ’ என்ற திறமூல டிரைவர். என்விடியா ஆவணங்கள் தராத காலத்தில், கார்டின் நடத்தையைப் பார்த்துப் பார்த்தே தன்னார்வலர்கள் எழுதியது. அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கார்டின் கடிகார வேகத்தைத் தானாக ஏற்றி இறக்குவது அதில் கைகூடவில்லை. ஆன் செய்தபோது கார்டு எந்த வேகத்தில் இருந்ததோ அதிலேயே கிடக்கும். ‘டிபக்’ கோப்புறைக்குள் ‘பிஸ்டேட்’ கோப்பில் எழுதிக் கையால் ஏற்ற வழி இருக்கிறது, சில கார்டுகளில் அதுவும் சிஸ்டத்தை உறைய வைத்துவிடும்.

என் பரிந்துரை: கார்டைக் கழற்றுங்கள். உங்கள் சிபியுவுக்குள் கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டரை மதர்போர்டு போர்ட்டில் செருகுங்கள், நோமோட்செட் இருந்தால் எடுத்துவிடுங்கள். 16 கோரும் 64 பிட் நினைவகப் பாதையும் கொண்ட அந்தக் கார்டை விட எச்டி 2500 எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை. விசிறிச் சத்தம் போகும், கரண்டும் மிச்சம்.

2025 நவம்பர் 30

இத்தனை நாளாகக் கார்டு வேண்டாம் என்றே சொல்லி வந்திருக்கிறேன். எங்கே வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும், அதற்கு நல்ல காரணம் வந்திருக்கிறது.

முதல் நண்பர்: “நோமோட்செட் இருந்தபோது பிளெண்டர் 4 மெதுவாகவாவது திறந்தது. இப்போது கிராபிக்ஸ் ஆதரவு இல்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறது.”

விநோதமாகத் தோன்றும், ஆனால் சரியான நடத்தை. முப்பரிமாணப் படம் செய்யும் நிரலான பிளெண்டரின் 4.0 பதிப்புக்கு, நிரல்கள் கிராபிக்ஸ் சிப்போடு பேசும் மொழியான ஓப்பன்ஜிஎல் 4.3 வேண்டும். ஐவி பிரிட்ஜ் கிராபிக்ஸ் லினக்ஸில் 4.2-ஓடு நின்றுவிடுகிறது. எல்எல்விஎம்பைப்போ மென்பொருள், சிலிக்கானின் எல்லை அதற்கு இல்லை, 4.5 வரை ஆதரிக்கிறது. மெதுவானது கூடுதல் மொழி பேசியது, வேகமானதற்கு அந்த மொழி வராது. பிளெண்டர் 3.6 போடுங்கள், அதற்கு 3.3 போதும், நன்றாகவே ஓடும். மாடலிங் கற்றுக்கொள்ள 3.6-இல் இல்லாதது எதுவும் இல்லை. 4-இல் செய்த கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் ‘லிப்ஜிஎல்_ஆல்வேஸ்_சாஃப்ட்வேர்’ என்ற மாறிக்கு 1 கொடுத்து அந்த ஒரு நிரலை மட்டும் எல்எல்விஎம்பைப்பில் ஓட்டலாம்.

விளையாட்டுகளும் அப்படித்தான். ஸ்டீமில் புரோட்டான் (விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியாக ஓடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு டிஎக்ஸ்விகே என்ற மொழிபெயர்ப்பு நிரல் வேண்டும். அது 2022-இல் வந்த 2.0 முதல், வல்கன் என்ற இன்னொரு கிராபிக்ஸ் மொழியின் 1.3 பதிப்பைக் கேட்கிறது. ஐவி பிரிட்ஜில் வல்கனே அரைகுறை. இங்கே கிரப்பைத் திருத்தி ஒன்றும் ஆகாது. இந்த வேலைகள் வேண்டும் என்றால் கார்டு தேவைதான்.

2025 டிசம்பர் 6

“அப்படியானால் எந்தக் கார்டு?”

ஜிடி 710 வேண்டாம். அதன் டிடிஆர்3 வகையில் நினைவகப் பாதை விநாடிக்கு 14.4 ஜிபி. இரண்டு ஸ்டிக் போட்ட உங்கள் போர்டிலேயே 25.6 இருக்கிறது. பணம் கொடுத்து ஒடுங்கிய பாதையை வாங்குவானேன்?

ஜிடி 1030 என்று பெட்டியில் போட்டிருந்தால் எந்த நினைவகம் என்று கட்டாயம் படியுங்கள். ஜிடிடிஆர்5 வகை விநாடிக்கு 48 ஜிபி. 2018-இல் அதே பெயரில் வந்த டிடிஆர்4 வகை 16.8 ஜிபி. பெயர் ஒன்று, பெட்டியும் ஏறக்குறைய ஒன்று, விளையாட்டில் ஒன்று மற்றதன் பாதி கூட ஓடாது. ஒரே பெயரில் இரண்டையும் விற்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வாங்குபவர் பெரும்பாலும் கல்லூரிப் பையன், அவன் அப்பா கொடுத்த பணம். நல்ல வகைக்கு 30 வாட் போதும், தனி பவர் கேபிள் தேவையில்லை. ஆனால் பாஸ்கல் என்ற பழைய என்விடியா குடும்பத்துக் கார்டு என்பதால் என்விடியாவின் 580 வரிசைதான் அதற்கும் கடைசி டிரைவர். இன்னும் சில வருடங்களில் ஜிடி 210 கதை இதற்கும் வரும்.

லினக்ஸில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 550. 2017-இல் வந்தது, நினைவகப் பாதை விநாடிக்கு 112 ஜிபி, 50 வாட். டிரைவர் கர்னலிலும் மெசாவிலும் திறமூலமாக இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம், கம்பெனி கைவிட்டாலும் மற்றவர்கள் பராமரிக்க முடியும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கடையிலேயே செருகி, ஏதாவது 3டி நிரல் ஒன்றைக் கால் மணி நேரம் ஓட விட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒல்லியான அலுவலகப் பெட்டி என்றால் குட்டை உயரக் கார்டும் அதற்கான குட்டைத் தகடும் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மூடி மூடாது.

2025 டிசம்பர் 9

கடைசியாக ஒன்று வந்திருக்கிறது: ஜிடி 710-ஐ 4கே டிவியில் இணைத்திருக்கிறார், டிரைவர் சரி, ரெண்டரர் வரியும் சரி, ஆனாலும் மவுஸ் பின்னால் இழுபட்டு வருகிறது.

அந்தக் கார்டின் எச்டிஎம்ஐ போர்ட் 4கே அளவில் விநாடிக்கு 30 தடவைதான் படம் அனுப்பும். கார்டு எவ்வளவு வேகமாக வரைந்தாலும் டிவிக்குப் போவது 30தான், கை அதை உடனே உணரும். டிஸ்ப்ளே அமைப்பில் 1080பி, 60 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். எழுத்து சற்றுப் பெரிதாகத் தெரியும், மவுஸ் கையோடு வரும். டிவியின் ரிமோட்டில் ‘கேம் மோட்’ இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், டிவி படத்தை மெருகேற்றுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் மிச்சமாகும்.